சனிக்கிழமைக் கிண்ணம்

ஈல்வா தன் மகனைத் தூக்கிக்கொண்டு குழந்தை நல நிலையத்தை விட்டு வெளியேறிய நாள் ஒரு செம்லா செவ்வாய். தவக்காலத்துக்கு முந்தின அந்தச் செவ்வாயன்று தல்மூரா ஊரில் செம்லா தின்னாதவர் கிடையாது. வாதுமை விழுது அடைத்து, மேலே கிரீமைக் கோபுரமாகக் கட்டி, சர்க்கரைத் தூள் தூவிய ரொட்டி அது. பல் மருத்துவரும் தின்பார். சர்க்கரை நோயாளியும், கிரீமை ஒதுக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு தின்பார். அன்று காலைக் காபி வேளையில் செவிலி பெரிட்டும் ஒன்று தின்றுவிட்டுத்தான் தன் அறைக்குத் திரும்பினாள்.

அங்கே காத்திருந்தவர்கள் வேற்று மனிதர்கள் இல்லை. தேவாலயப் பாடகர் குழுவில், கீழ்க்குரல் வரிசையில், ஈல்வாவும் பெரிட்டும் பல வருடமாக அடுத்தடுத்த நாற்காலிக்காரர்கள். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் சுரத்தைப் பிடித்துக்கொள்வாள், பாட்டு அறுபடாது. ஈல்வா ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவள். பெரும்பாலும் மாலை முறை. மகன் தாகேயின் அப்பா நார்வே பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

அன்று தாகேக்கு நாலு வயதுப் பரிசோதனை. ஒற்றைக் காலில் நின்று காட்டினான். வட்டம் வரையச் சொன்னார்கள். வரைந்து, அதற்குக் கண்ணும் மீசையும் வைத்தான். தராசில் ஏறி நின்று, "நான் பெரியவனா?" என்று கேட்டான்.

"ரொம்பப் பெரியவன்" என்றாள் பெரிட். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

கணினித் திரையில் அவனுடைய வளர்ச்சிக் கோடு மற்றப் பிள்ளைகளின் கோடுகளை விட்டுப் பிரிந்து, நூலறுந்த பட்டம் போல மேலே போய்க்கொண்டிருந்தது. எடையைப் பற்றிப் பெற்றோரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று பெரிட் போன இலையுதிர் காலத்தில்தான் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். முதலில் அனுமதி கேட்கவேண்டும் என்பது அங்கே முதல் பாடம். இரண்டாவது பாடம் நடந்தபோது அவள் காபி எடுக்கப் போயிருந்தாள் போலும்.

"ஈல்வா, தாகேயோட எடையைப் பத்திக் கொஞ்சம் பேசினா பரவாயில்லையா?"

"பேசு."

"அவன் கோடு ரொம்ப மேல போகுது. வீட்டுல கொஞ்சம் கட்டுப்பாடு வேணும். நீதானே அம்மா? நீதான் வேண்டாம்னு சொல்லணும்."

ஈல்வா குனிந்து மகனுக்குப் பூட்ஸ் மாட்ட ஆரம்பித்தாள். தாகேதான் சொன்னான்.

"அம்மா, பெரிட் உதட்டுல கிரீம்!"

ஈல்வா நிமிர்ந்து பார்த்தாள். இருந்தது.

"அது கட்டுப்பாடான கிரீம்டா, செல்லம்" என்றாள்.

எழுந்துவிட்டாள். மகனுக்கு ஒரு காலில்தான் பூட்ஸ் மாட்டியிருந்தது. மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பனியில் இறங்கி நடந்தாள். பெரிட் நாக்கால் உதட்டைத் துழாவியபடி ஜன்னலில் நின்று பார்த்தாள். கதவைத் திறந்து, "அடியே, நில்லுடி" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தல்மூராவுக்குப் பரிசும் கிடைத்திருக்காது. ஆனால் வெளியே அடுத்த குழந்தை காத்திருந்தது. ஒருவரைக் காக்கவைத்துவிட்டு இன்னொருவர் பின்னால் ஓடுவது பெரிட்டின் பழக்கம் இல்லை.

அவள் வளர்ந்த விதம் அப்படி. அப்பா பால் வண்டி ஓட்டினார். ஒரு வீட்டுக்கும் ஒரு சொட்டு கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். பள்ளிக்கூடத்தில் பல் சொத்தைக்கு மருந்துத் தண்ணீர் தர ஒரு அம்மாள் வருவார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் மர ஆலை முதலாளி பிள்ளைக்கும் ஒரே காகிதக் குவளை, ஒரே அளவு. எல்லாரும் ஒன்றாகக் கொப்பளித்து ஒன்றாகத் துப்பவேண்டும். அந்தக் கொப்பளிக்கும் சத்தத்தைப்போல ஒற்றுமையான சத்தத்தைத் தேவாலயத்தில்கூட அவள் பிறகு கேட்டதில்லை. இனிப்பும் அப்படித்தான். வாரத்துக்கு ஒருநாள் போதும், அது சனிக்கிழமையாக இருக்கட்டும் என்று அவள் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் சொல்லிவைத்தது. நாடே கேட்டுக்கொண்டது. ஆறு நாள் தொடமாட்டார்கள். ஏழாம் நாள் அந்த ஆறு நாளுக்கும் வஞ்சம் தீர்ப்பார்கள். நல்லது என்றால் அது எல்லாருக்கும் ஒரே குவளையில், ஒரே அளவில் வரவேண்டும் என்று பெரிட் நம்பினாள். தனியாக ஒருவரைக் கூப்பிட்டு ஒன்றைச் சொல்வது அவளுக்குக் கொஞ்சம் அநியாயமாகவே பட்டது.

அந்த வார வியாழக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு ஈல்வா வந்தாள். கோட்டைக் கழற்றினாள். பெரிட்டுக்குப் பக்கத்து நாற்காலியைத் தாண்டி நடந்தாள். மேல்குரல் வரிசையில், கடைசியில், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊரில் நகராட்சித் தலைவரைக்கூட நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். அதனால் மரியாதை குறைந்ததில்லை. ஆனால் ஒருவர் மனசில் என்ன என்று கேட்பதற்கு அந்த நெருக்கம் போதாது. குழுவை நடத்தும் சிக்ஸ்டன் பியானோவில் கை வைத்தார், ஒரு வரி பாடவைத்தார், கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னைக்கு மேல்குரல் பக்கம்... கொஞ்சம் கூட்டமா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஈல்வா பிறவியிலேயே கீழ்க்குரல்காரி. வண்டி எஞ்சின் போல அடிவயிற்றிலிருந்து வரும் குரல். மேல் சுரம் வரும் இடங்களில் அவள் முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், வாயிலிருந்து காற்று மட்டும் வரும். ஈஸ்டருக்கு அப்படிப் பாடினாள். வசந்தத் தீ மூட்டும் இரவில் அப்படிப் பாடினாள். கிறிஸ்துமஸுக்கும் அப்படியே. காலியான நாற்காலியில் யாரோ கோட்டைப் போட ஆரம்பித்தார்கள்.

பெரிட்டின் கணவன் ஆர்விட் காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். நாள் முழுக்க யாரோடும் பேசாத மனிதன். அதனாலேயே பேசினால் சுருக்கமாகப் பேசுவான்.

"போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடேன்."

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? கோடு அங்கதான் இருக்கு."

"கோடு அங்கதான் இருக்கு. ஈல்வா எங்க இருக்கா?"

"வேலை விஷயத்தை வெளியில பேசக்கூடாது ஆர்விட். ஒரு குழந்தையைப் பத்தி நான் நிலையத்துக்கு உள்ளதான் பேசலாம்."

"அவ உள்ள வர்றதில்ல. நீ வெளிய பேசறதில்ல. நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு அவன் நாய்க்குச் சோறு வைக்கப் போனான்.

பெரிட் நிலையத்திலிருந்து ஈல்வாவுக்கு மறுபடி நேரம் ஒதுக்கி அழைப்பு அனுப்பினாள். வரவில்லை. இன்னொன்று அனுப்பினாள். தாகேக்குச் சளி என்று பதில் வந்தது. தாகேக்கு அந்த வருடம் முழுக்கச் சளி.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. ஊரிலுள்ள எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லிவிட்டால், ஈல்வாவுக்கும் சொன்னதாக ஆகிவிடும். ஆனால் ஈல்வாவுக்கென்று தனியாகச் சொன்னதாக ஆகாது. ஒரு சிநேகிதியிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதற்காக ஒருத்தி ஒரு நகராட்சியையே கிளப்பிவிட முடியும் என்பது அவளுக்கே தெரியாது. அவள் அதைப் பொதுநலம் என்றுதான் நினைத்தாள். பாதி உண்மையும்தான்.

நகராட்சி 'நல்ல தொடக்கம்' என்று ஒரு குழு அமைத்தது. ஆறு வயதுக்குள் பிள்ளைகள் குண்டாகாமல் தடுப்பது அதன் வேலை. குழுத் தலைவர் ராக்னர், குழந்தைகள் நலத்துக்குப் பொறுப்பான நகராட்சி உறுப்பினர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. முதல் கூட்டத்தில் பெரிட் தன் படங்களை விரித்து எழுந்து நின்றாள்.

"முதல்ல காபி" என்றார் ராக்னர்.

வந்த விருந்தினருக்கு ஏழு வகைப் பலகாரமாவது வைக்காவிட்டால் வீட்டுக்காரி கஞ்சப்பிசினாறி என்பது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். நகராட்சியும் ஒரு வீடுதானே. இலவங்க ரொட்டிச் சுருள், ஜாம் வைத்த பிஸ்கட், தேங்காய்ப்பூக் குன்று, சாக்லேட் உருண்டை எல்லாம் மேசையில் சுற்றி வந்தன. அன்றைக்கென்று பார்த்துச் செயலாளருக்குப் பிறந்தநாள். பச்சைப் பாதாம் மாவு போர்த்திய கேக் நடுவில் வீற்றிருந்தது. அந்தக் கேக்கை வெட்டித் தின்றபடியே, பாலர் பள்ளிகளில் இனிப் பிறந்தநாளுக்குக் கேக் கூடாது, காகிதக் கிரீடமும் பழத் தட்டும் போதும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

"ரொம்ப நல்ல முடிவு. யாராவது அந்த மூலைத் துண்டை எடுத்துக்கங்கப்பா, வீணாப் போகும்" என்றார் ராக்னர்.

பழச்சாறுக்குப் பதில் தண்ணீர். வண்டிக்குப் பதில் நடை. மாலை ஆறு மணிக்குக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று ஓர் அறிவுரை. எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆறு மணிப் பேருந்தை ஓட்டுவது யார் என்று மட்டும் குழுவில் யாரும் யோசிக்கவில்லை. எல்லாரும் கார் வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மணிமகுடமாக வந்தது பெரிட்டின் கிண்ணம். தல்மூராவில் மாவு, சர்க்கரை, காபித்தூள் எல்லாம் நூறு மில்லி பிடிக்கும் டெசிலிட்டர் கிண்ணத்தில்தான் அளப்பார்கள். அதில் பாதி அளவில், பள்ளிக்கூடத்துக் காகிதக் குவளையை நினைத்துக்கொண்டு, பெரிட் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கிண்ணம் கேட்டாள். சிரிக்கும் காட்டுமான் படம் போட்டு, 'என் சனிக்கிழமை' என்று அச்சடித்து, சின்னப் பிள்ளை இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொன்று போனது. சனிக்கிழமை இனிப்பு இதற்குமேல் வேண்டாம் என்பது பொருள். 'அரை டெசிலிட்டர் போதும்!' என்று சுவரொட்டியும் அடித்து, ஊரின் கண்ணில் படும் இடமெல்லாம் ஒட்டினார்கள். அதில் ஒன்று ஈல்வாவின் பேருந்துக்குப் பின்னால். மறுநாளிலிருந்து தல்மூராவின் உடல்பருமன் தடுப்புத் திட்டத்தை ஈல்வாவே ஊர் முழுக்கச் சுமந்துகொண்டு போனாள், நின்று நின்று.

முதல் வாரமே நிலையத்துக்குத் தொலைபேசி வர ஆரம்பித்தது.

"எங்க லின்னேயாவுக்கு ஒண்ணரை வயசு. இதுவரைக்கும் இனிப்பே கண்ணுல காட்டல. கிண்ணம் வந்திருக்கு. எந்த மிட்டாயில ஆரம்பிக்கணும்?"

பெரிட் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஆரம்பிக்கவே வேண்டாமே."

"அப்ப கிண்ணம்?"

இன்னொரு அப்பா ரொம்பக் கவலையாகக் கேட்டார். "போன சனிக்கிழமை பனிச்சறுக்குக்கு மலைக்குப் போயிருந்தோம், குடுக்க முடியல. இந்த வாரம் ரெண்டு வேளையாச் சேர்த்துக் குடுக்கலாமா, இல்ல விட்டது விட்டதுதானா?"

"கோபுரமா நிரப்பணுமா, தட்டி நிரப்பணுமா?"

"எங்க பையன் பாதிதான் சாப்பிடறான். மீதியை எப்படிச் சாப்பிட வைக்கறது?"

பெரிட் தலையில் கை வைத்துக்கொண்டாள். தடுப்பூசி போட வா என்றால் வருகிற ஜனம். மருந்துத் தண்ணீர் கொப்பளி என்றால் கொப்பளித்த ஜனம். நகராட்சி ஓர் அளவு அனுப்பினால் அதைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும்? வேறெந்த ஊராக இருந்தாலும் கிண்ணத்தை மூலையில் எறிந்திருப்பார்கள், பிள்ளைகள் தப்பித்திருக்கும். இங்கே எறியவில்லை. அரசாங்கம் அதிகபட்சம் என்று சொன்னதை இவர்கள் கடமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மளிகைக் கடைக்காரர் கெட்டிக்காரர். சுவர் முழுக்க அடுக்கிய மிட்டாய்ப் பெட்டிகளின் அடித்தட்டில், மூன்று வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில், பொடிப்பொடியான மிட்டாய்களாகப் பார்த்து அடுக்கினார்; அவைதான் அரை டெசிலிட்டரில் இடைவெளி இல்லாமல் நெருங்கி உட்காரும். சனிக்கிழமை வியாபாரம் ஏறிய சந்தோஷத்தில் குழுவுக்கு ஒரு பெரிய கேக் அனுப்பிவைத்தார்.

பெரிட் ராக்னரிடம் போனாள். "கிண்ணத்தைத் திருப்பி வாங்கிடலாம் ராக்னர்."

"திருப்பி வாங்கினா நாம தப்புப் பண்ணினதா ஆயிடும். கூட ஒரு வரி சேர்த்துடுவோம்."

கிண்ணத்தை முழுக்க நிரப்பவேண்டிய கட்டாயம் இல்லை என்று எல்லா வீட்டுக்கும் ஒரு செய்தி போனது. மறுநாள் தொலைபேசி மறுபடி அடித்தது. "குறைஞ்சபட்சம் எவ்வளவு?"

இதற்கிடையில் காத்திருப்பறையில் பெரிட் வேறொன்றைக் கவனித்தாள். பரிசோதனைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் மெலிந்த பிள்ளைகளாக இருந்தார்கள். கோடு கொஞ்சம் ஏறிய பிள்ளைகளுக்கு வரிசையாகச் சளி பிடித்தது. ஈல்வாவின் சளி ஊரில் பரவியிருந்தது. வருடக் கணக்கு எடுத்தபோது தல்மூராவின் பிள்ளைகள் சராசரியில் இளைத்திருந்தார்கள்.

"வராத பிள்ளைங்க இந்தக் கணக்குல இல்ல" என்றாள் பெரிட்.

"வராத பிள்ளைங்க எடை எவ்வளவு?" என்றார் ராக்னர்.

"தெரியாது. வரலையே."

"தெரியாததை எப்படிம்மா எழுதறது? ரொட்டிச் சுருள் எடுத்துக்க."

மாகாணம் பரிசு கொடுத்தது. கண்ணாடியில் செய்த ஒரு காட்டுமான். விழாவுக்குத் தேவாலயப் பாடகர் குழுவே பாட அழைக்கப்பட்டது. இவ்வாறாக, தாகே நிலையத்தை விட்டுப் போனதில் பிறந்த திட்டத்தைப் பாராட்ட, தாகேயின் அம்மா மேல்குரல் வரிசையில் நின்று பாடினாள். பாட்டின் கடைசி வரி உச்சிக்குப் போய் நிற்கும். ஈல்வாவின் குரல் அங்கே ஏறி, ஒரு கணம் நின்று, உலர்ந்த கிளை போல முறிந்தது. கூட்டத்தில் சிலர் மேற்கூரையைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் கண்ணாடி மானை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெரிட் கால்விரல்களை இறுக்கிக்கொண்டாள். பழைய நாளாக இருந்தால் அந்தச் சுரத்தை அவள் பிடித்திருப்பாள்.

பிறகு கேக் மேசை. கூட்டம் கலைந்து நின்ற ஒரு நொடியில் அவர்கள் இருவர் மட்டும் எதிரெதிரே நின்றார்கள், கையில் தட்டோடு. பெரிட் வாயைத் திறந்தாள். வந்தது என்னவோ பயிற்சியில் படித்த வரி.

"ஈல்வா, நான் கொஞ்சம் பேசினா பரவாயில்லையா?"

"எடையைப் பத்தியா?"

"இல்ல. ஆமா. இல்ல."

ஈல்வா கேக்கை முள்கரண்டியால் குத்தினாள். "அவன் ராத்திரி ரெண்டு தடவை சாப்பிட்டான் பெரிட். ஒண்ணு மாலைப் பாலர் பள்ளியில மத்தப் பிள்ளைங்களோட. அப்புறம் நான் வண்டியை விட்டுட்டு அவனைக் கூட்டிட்டுப் போக வந்தா, தூங்காம உக்காந்திருப்பான், வீட்டுல என்னோட சாப்பிடணும்னு. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. நாள் பூராவுல அவனோட நிதானமா உக்கார்றதே அந்த ஒரு வேளைதான். நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீ கேக்கல. சொன்ன."

பெரிட் தட்டைக் கீழே வைப்பதற்குள் ராக்னர் புகைப்படக்காரரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "இங்க பாரு பெரிட், மானைத் தூக்கிப் பிடி!"

ஈல்வா நகர்ந்தாள். நகரும்போது காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினாள். "உதட்டைத் துடைச்சுக்க. போட்டோ எடுக்கறாங்க."

மறுநாளே நேராக ஈல்வா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பெரிட்டுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவள் ஒரு யோசனை எழுதினாள்: மாலை வேலை பார்க்கும் பெற்றோர் நடுவில் ஓய்வு எடுத்து, மாலைப் பாலர் பள்ளிக்கு வந்து, பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரே சாப்பாடு, ஒன்றாக. அவள் வாழ்க்கையில் எழுதியதிலேயே உருப்படியான யோசனை அதுதான். குழு அதைப் பல கூட்டங்களில் விவாதித்தது. இந்த ஓய்வு பேருந்துக்காரர்களுக்கும் மருத்துவமனைக்காரர்களுக்கும் மட்டும்தானே பயன்படும், பகலில் வேலை பார்க்கிறவர்களுக்கு என்ன நியாயம் என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாருக்கும் பொருந்தாது பெரிட்" என்றார் ராக்னர் வருத்தத்தோடு. "நம்ம வேலையே எல்லாருக்கும் பொதுவானது. ஒருத்தருக்குன்னு நாம எப்படிச் செய்யறது?"

தன்னுடைய சொந்தக் குரலையே எதிரொலியாகக் கேட்டதுபோல பெரிட் திடுக்கிட்டாள். அன்று அவள் பலகாரத் தட்டைத் தொடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று செயலாளர் விசாரித்தார்.

இப்படியே தாகே பள்ளிக்குப் போனான், நிலையத்தின் கணக்கிலிருந்தே வயது கடந்து வெளியேறினான். இனி அவனை அழைக்க பெரிட்டுக்கு அதிகாரமும் இல்லை, சாக்கும் இல்லை. கிண்ணத்தைப் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. பெரிட்டை அங்கெல்லாம் பேசக் கூப்பிட்டார்கள். அவள் பேசினாள். பேச்சு முடிந்தால் காபி, பலகாரம். ஈல்வா மேல்குரலில் காற்று ஊதிக்கொண்டிருந்தாள். தாகேக்கு மீசை அரும்புகிற வயது நெருங்கியது.

ஒரு செம்லா செவ்வாய் மாலை, ஆர்விட் சமையலறையில் செம்லா பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காபி போட்டான். பெரிட் பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கோட்டை மாட்டினாள்.

"எங்க?"

"ஆறு மணிப் பஸ்ஸுக்கு."

"கார் இருக்கே."

"கார்ல போற வேலை இல்ல."

ஆர்விட் செம்லாவின் தலையில் மூடிபோல் இருந்த ரொட்டித் துண்டை எடுத்துக் கிரீமில் தோய்த்துக் கடித்தான். அவன் சிரித்ததை நாய் மட்டும் பார்த்தது.

பேருந்து வந்து நின்றது. பின்பக்கச் சுவரொட்டி வெயிலிலும் பனியிலும் வெளுத்து, அரை டெசிலிட்டரில் அரை மட்டும் மிச்சமிருந்தது. கதவு திறந்தது. உள்ளே மர ஆலை ஆட்கள், மருத்துவமனை முறைக்குப் போகும் பெண்கள், இரண்டு பள்ளிப் பெண்கள். பெரிட் ஏறிப் படியில் நின்றாள். இந்த முறை அனுமதி கேட்கவில்லை.

"ஈல்வா, அன்னைக்கு என் உதட்டுல கிரீம் இருந்துச்சு. அது தெரியாமத்தான் உனக்குப் புத்தி சொன்னேன். உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. எனக்கு ரொம்ப வருத்தம்."

பேருந்தே அமைதியானது. அந்த ஊரில் ஒருவர் பேருந்தில் சத்தமாகப் பேசினாலே குடித்திருக்கிறார் என்று அர்த்தம். மர ஆலைக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே இருட்டை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

ஈல்வா சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"கார்டு" என்றாள்.

பெரிட் கார்டை வைத்தாள். 'பீப்' என்றது.

"உள்ள போ. படியில நின்னா கதவு மூடாது."

பெரிட் உள்ளே போய் உட்கார்ந்தாள். எங்கும் போகவேண்டிய வேலை இல்லாததால் பேருந்து சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும்வரை உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது ஈல்வா கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிட்டையா, வேறு வண்டியையா என்று தெரியவில்லை. "பத்திரம், பனி வழுக்கும்" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. அதை அவள் எல்லாப் பயணிகளிடமும் சொல்வாள்.

அந்த வியாழக்கிழமை ஈல்வா மேல்குரல் பக்கமே உட்கார்ந்தாள். அடுத்த வியாழனும் அப்படியே. ஈஸ்டர் போனது, கோடை போனது. பெரிட் குழுவிலிருந்து விலகி, நிலையத்தில் பழையபடி பிள்ளைகளை நிறுத்து, அளந்து, ஒற்றைக் காலில் நிற்கவைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் எடையைப் பார்த்துவிட்டுத் திரையை அந்தப் பக்கம் திருப்பிவைத்துவிடுவாள். ராத்திரி யாரோடு சாப்பிடுகிறாய் என்று பிள்ளையிடமே கேட்பாள். சில அம்மாக்கள் அழுதார்கள். சில பிள்ளைகளுக்குச் சளி விட்டது. அதையெல்லாம் எந்தக் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை. பரிசு ஒன்றும் வரவில்லை.

பேருந்தில் பேசியதற்குப் பதில் வராது என்று அவள் தீர்மானித்துக்கொண்ட பிறகு, இன்னொரு செம்லா செவ்வாயும் பதில் இல்லாமல் கடந்துபோன பிறகு, இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஆர்விட்டும் அவளும் காளான் பொறுக்கக் காட்டுக்குள் போயிருந்தபோது, சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. கையை நீட்டிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பெரிட், யோசிச்சுப் பார்த்தேன். கொஞ்சம் நேரமாயிடுச்சு. தாகே இப்ப என்னைவிட உயரம். கோடு எங்க இருக்குன்னு கேக்காத. ராத்திரிச் சமையல் அவன்தான், ஒரே வேளை, நான் வர்ற வரைக்கும் காத்திருப்பான். உன் கிண்ணம் பத்திரமா இருக்கு, அதுலதான் நாய்க்குச் சாப்பாடு அளந்து வைக்கறோம், நாய் நல்லா இளைச்சிருக்கு. சிக்ஸ்டன்கிட்ட சொல்லிட்டேன், என் தொண்டை இதுக்குமேல தாங்காது. வியாழக்கிழமை உன் பக்கத்து நாற்காலில கோட்டு போடறவங்களை எடுக்கச் சொல்லு."